ஆசிரியர் தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்மனோரை நோக்கி உறவினரும் ஊராரும் தவறாது வினவும் வினா ஒன்றுண்டு. தமிழைப் படித்து யாது செய்யப் போகின்றாய் என்பதே அது. ஆசிரியத் தொழிலையன்றி வேறு விடை எம்பால் இல்லை என்பதனை வினவுவோரும் அறிவர். அவ்விடையைக் கூறிய அளவில் மற்றொரு வினா எழும். அத்தொழிலுக்குரிய தகுதியை எப்பொழுது பெறப் போகின்றாய் என்பர். பட்டம் ஒன்று, அதன்மேல், 2015-ஆம் ஆண்டு முதல் இரண்டாண்டுக் கல்வியாக நீட்டப்பட்ட கல்வியியற் பட்டம் ஒன்று, அதன்மேல், நம் மாநிலத்தில் 2012-ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைபெற்ற ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 வினாக்களைக் கொண்ட அத்தேர்வினைக் கடந்த பின்னரும் பணிக்கு அழைப்பு வருதல் உறுதியன்று. இவற்றையெல்லாம் எண்ணி மனம் சோர்ந்திருந்த ஒரு மாலையில், நம் நாஞ்சில் நாட்டிற் பிறந்து, 36 ஆண்டுகள் பள்ளியாசிரியராய் இருந்து, பின்னர்க் கவிமணி என்று நாடறிந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கை யான் வேண்டாமலே நினைவிற்கு வந்தது. அவரை நாம் கவிஞராகவே அறிந்திருக்கின்றோம். அவர் ஆசிரியராய் அமைந்த வகையை அறிந்தார் சிலரே. ஆதலின் அப்பகுதியையே ஈண்டு விரித்துரைக்க விழைகின்றேன்.

சுசீந்திரத்தை அடுத்துள்ள தேரூர், நெல்வயல்களும் பரந்த குளமும் சூழ்ந்த சிற்றூராகும். அக்குளத்திற்குப் பருவந்தோறும் தொலைநாட்டுப் பறவைகள் வந்து தங்குவதனை நம்மிற் பலர் கண்டிருப்பர். அவ்வூரிலே சிவதாணுப் பிள்ளை, ஆதிலட்சுமி அம்மையார் என்பார்க்கு, இரண்டு பெண்மக்களுக்குப் பின்னர் மூன்றாம் மகவாக, 1876-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் ஓர் ஆண்மகவு தோன்றிற்று. பாட்டனார் பெயராகிய தேசிகவிநாயகம் என்பதனையே குழந்தைக்கு இட்டனர். அவ்வாண்டின் தொடக்கத்திலே, பிப்ரவரி முதல் நாளன்று, திருவாவடுதுறை ஆதீனத்தின் பெரும்புலவராய் விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் உலக வாழ்வை நீத்தார்கள். இவ்விரு நிகழ்ச்சிகளையும் யான் இணைத்துக் கூறுவது ஆண்டு ஒற்றுமை பற்றி மட்டும் அன்று; காரணம் பின்னர் விளங்கும்.

அக்காலத்து நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் ஒரு பகுதியாக இருந்தது. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் கோயிலிலும் வழங்கியது தமிழே. அரசாங்கத்தாரின் மொழியோ மலையாளம். ஐந்து வயதில் தேரூர்த் தொடக்கப் பள்ளியிற் சேர்க்கப்பட்ட சிறுவர் தேசிகவிநாயகம், பள்ளியில் மலையாளம் பயில வேண்டியவரானார். தாய் பேசும் மொழி ஒன்று, ஆசிரியர் எழுதச் செய்யும் எழுத்து மற்றொன்று என்னும் இந்நிலையை எல்லைப்புறத்து ஊர்களில் வாழ்வோர் நன்கு உணர்வர். மலையாளம் நம் மொழிக்கு உடன்பிறந்த இனிய மொழி. அதனை அறிதல் ஆக்கமேயன்றிக் கேடன்று. ஆயினும் தன் மொழியின் முதலெழுத்தைப் பள்ளிக்கு வெளியே சென்று தேடிக்கொள்ள வேண்டிய சிறுவன் நிலை இரங்கத்தக்கதே.

அவ்வாறு தேடியதற்குப் பயனும் கிட்டிற்று. தேரூரை அடுத்த வாணன்திட்டு என்னும் இடத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவராய் இருந்தவர் சாந்தலிங்கத் தம்பிரான் என்பார். அவரை அடுத்துச் சிறுவர் தமிழ் பயிலலானார். மகாவித்துவானைப் போற்றி வளர்த்த ஆதீனம் எதுவோ, அதன் கிளையொன்றிலேயே, அவர் மறைந்த ஆண்டிற் பிறந்த இச்சிறுவர்க்குத் தமிழ் கிடைத்தது. பகலிற் பள்ளி, பிற பொழுதில் மடம் என்றவாறு இருவகைக் கல்வியும் உடன் நடந்தன. பள்ளிக் கல்விக்கு வகுப்பு உண்டு, தேர்வு உண்டு, சான்றிதழ் உண்டு. மடத்துக் கல்விக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. ஆசிரியர் பாடம் சொல்வார், மாணாக்கர் கேட்டு மனத்திற் கொள்வார், மறுநாள் ஒப்புவிப்பார். போதும் என்று ஆசிரியர் கருதும்வரை அது நிகழும். பிள்ளையவர்கள் முதன்முதலாக இயற்றிய நூல் அழகம்மை ஆசிரிய விருத்தம் என்பது. அம்பிகையைப் போற்றும் அச்சிறு நூல் இந்த மடத்துக் கல்வியின் விளைவேயன்றிப் பள்ளிக் கல்வியின் விளைவன்று.

இவ்வாறிருக்க, அவருக்கு ஒன்பது வயது நிகழும்பொழுது தந்தையார் இறந்தனர். தாயாரும் தமக்கையர் இருவரும் உடைய குடும்பத்தில் ஓராண்பிள்ளையாய் நின்ற சிறுவர்க்கு, கல்வி பின்னர் வயிற்றுப்பாட்டிற்கும் உரிய வழியாக வேண்டியிருந்ததில் வியப்பில்லை. கோட்டாற்றுப் பள்ளியில் ஆங்கிலமும் பிற பாடங்களும் கற்றார். கோட்டாறு என்றவுடன் நம்மவர்க்குத் தூய சவேரியார் கோயிலே நினைவிற்கு வரும். வணிகர்க்கு அதன் கடைத்தெரு நினைவிற்கு வரும். பிள்ளையவர்கள் வாழ்க்கையிலோ அவ்வூர் இருமுறை இடம் பெற்றது: மாணாக்கராய் ஒருமுறை, ஆசிரியராய் ஒருமுறை.

ஈண்டுச் சிறிது நின்று, அந்நாளில் ஆசிரியராதற்கு உரிய தகுதி யாதாக இருந்தது என்பதனை நோக்குவோம். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பார் ஒருவரும் இலர். கற்றவர் ஒருவர் ஓர் ஊரில் வந்து அமர்வார். ஊரார் தம் பிள்ளைகளை அனுப்புவர். நெல்லும் காசும் அளிப்பர். பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகி, பின்னர் ஓலைக்கு ஏறுவர். சட்டாம்பிள்ளை இளைய மாணாக்கரை நடத்துவான். ஆசிரியர் வல்லவர் என்பதற்குச் சான்று, அவரிடம் படித்த பிள்ளை ஓலையைத் தடையின்றிப் படித்தலே. கல்லூரிகள் தோன்றிய பின்னரும் இந்நிலை உடனே மாறிற்றிலது. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியாரவர்கள் ஓய்வுபெற, அவ்விடத்திற்கு உ. வே. சாமிநாதையரவர்கள் வந்தபொழுது, அவர்கள் காட்டுதற்கு அரசாங்கச் சான்றிதழ் யாதும் இருந்திலது. கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில் பாடல்களுக்குப் பொருளுரைத்துக் காட்டியே அவ்விடத்தைப் பெற்றார்கள். தமிழில் தேர்வு நடத்திப் பண்டிதர் பட்டம் அளிக்கும் முறையை மதுரைத் தமிழ்ச் சங்கம் மேற்கொண்டதும் 1901-ஆம் ஆண்டில் அச்சங்கம் தோன்றிய பின்னரே.

கற்பித்தலையே ஒரு கலையாகக் கொண்டு அதனைக் கற்பிக்கும் பள்ளி நம் நாட்டிற்குப் புதிதாக வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1716-ஆம் ஆண்டிலே ஆசிரியர்க்கென ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவியதனை அதன் தொடக்கமாகக் கூறுவர். பின்னர் மிஷன் சங்கத்தாரும் அரசாங்கத்தாரும் இத்தகைய பள்ளிகளைப் பல இடங்களில் ஏற்படுத்தினர். போதனாமுறைப் பாடசாலை என்பது அவற்றிற்கு வழங்கிய பெயர். அப்பெயர் இக்காலத்தார் காதிற்குப் புதிதாக ஒலிக்கலாம். ஆயினும் பொருள் நிரம்பிய பெயரே. பாடத்தை அறிதல் வேறு. பாடத்தைப் போதிக்கும் முறையை அறிதல் வேறு. அப்பள்ளியைச் சார்ந்து சிறுவர் பள்ளி ஒன்றும் நடைபெறும். பயிற்சி பெறுவோர் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு அச்சிறுவர் முன் நின்று கற்பிப்பர். உடன் பயில்வோர் பின்வரிசையில் அமர்ந்து குற்றங்களைக் குறித்துக்கொள்வர். பாடம் முடிந்ததும் அவற்றை எடுத்துக் கூறுவர். தம்மையொத்த இளைஞர் தம் பிழையைப் பலரறியக் கூறக் கேட்டல் எளிதன்று. அதனைத் தாங்கியவரே ஆசிரியராவர்.

பிள்ளையவர்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தேறி, ஏறத்தாழ இருபது வயதிற் பணியில் அமர்ந்தார்கள். இவ்விடத்தில் நாம் கருதற்குரியது ஒன்றுண்டு. அவர்களைப் பணியில் அமர்த்திய சான்றிதழ் ஆசிரியப் பயிற்சிக்கு உரியது. அவர்களுடைய பெருங்கல்வியாகிய தமிழோ சான்றிதழ் இல்லாத கல்வி. வாணன்திட்டு மடத்தில் ஆண்டுக்கணக்காகக் கேட்ட பாடத்திற்கு அரசாங்க ஏட்டில் ஒரு வரியும் இல்லை. ஆயினும் சான்றிதழை இகழ்ந்து மடத்தை மட்டும் புகழ்தற்கு யான் உடன்படேன். அவ்வாறு எழுதுதல் இக்காலத்து ஒரு வழக்கமாகி விட்டது. மடம் அவர்களுக்குத் தமிழை அளித்தது உண்மை. ஆனால் அத்தமிழை எட்டு வயதுக் குழந்தையின் செவிக்கும் நாவிற்கும் ஏற்ப எவ்வாறு அளந்து கொடுப்பது என்பதனை மடம் கற்பித்திருக்க இயலாது. அங்கே மாணாக்கர் ஆசிரியரின் உயரத்திற்கு ஏற வேண்டும். பள்ளியிலோ ஆசிரியர் மாணாக்கரின் உயரத்திற்கு இறங்க வேண்டும்.

அவ்வாறு இறங்கிப் பழகிய இடங்கள் மூன்று. முதலாவது கோட்டாற்றுத் தொடக்கப் பள்ளி. இரண்டாவது நாகர்கோவிற் போதனாமுறைப் பாடசாலை. மூன்றாவது திருவனந்தபுரத்துப் பெண்கள் போதனாமுறைப் பாடசாலை. எழுத்தறியாச் சிறுவர்க்குக் கற்பித்தவர், பின்னர்ச் சிறுவர்க்குக் கற்பிக்கப் போகும் இளைஞர்க்குக் கற்பித்தார். அதன்பின் அத்தொழிலிற் புகும் பெண்மக்களுக்குக் கற்பித்தார். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே 40 மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவு உண்டு. இவ்விரண்டு நகரங்களையும் இணைக்கும் இருப்புப்பாதை 1979-ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. ஆகவே பிள்ளையவர்கள் காலத்தில் விடுமுறைதோறும் ஊர் வந்து மீளுதல் நம் காலத்துப் பயணம் போன்றதன்று.

பெண்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களாதற்குப் பயிலும் மகளிர்க்குக் கற்பிக்கும் பணி அந்நாளில் எத்துணைப் பொறுப்புடையது என்பதனைச் சொல்ல வேண்டா. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று வெளிப்படையாகவே வினவும் வீடுகள் பல இருந்த காலம் அது. அவ்வீடுகளிலிருந்து துணிந்து வந்த மகளிரைப் பல ஆண்டுகள் எதிரே கண்டு கற்பித்தவர் பிள்ளையவர்கள். மங்கையராய்ப் பிறத்தலின் பெருமையைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டினை இன்று திருமண மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் யாவரும் எடுத்தாளுகின்றனர். எடுத்தாளுவோரில் எத்துணையர் அப்பாட்டினைப் பாடியவர் மகளிர்க்குக் கற்பித்த ஆசிரியர் என்பதனை அறிவரோ அறியேன்.

குழந்தைகளுக்கென அவர்கள் பாடிய பாடல்களைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் ஆசிரியரும் கவிஞரும் ஒருவரே என்பது அங்கேதான் தெளிவாக விளங்குகின்றது. தோட்டத்திலே மேயும் பசுவும் அதன் கன்றும் ஒரு பாட்டிற்குப் பொருளாயின. சேவலும் காக்கையும் கிளியும் பிற பாட்டுகளுக்குப் பொருளாயின. பொம்மைக்குச் செய்யும் கல்யாணமும் ஒரு பாட்டாயிற்று. தமிழிற் சிறுவர்க்குரிய நூல்கள் முன்னரும் உண்டு. ஔவையாரின் நீதிநூல்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் நாவில் நின்றன. ஆயின் அவை முதலில் மனப்பாடம் செய்து, பொருளைப் பின்னாளில் உணரத்தக்கவை. பிள்ளையவர்கள் பாடல்களோ பாடும்பொழுதே சிறுவர்க்குப் பொருள் விளங்குவன. சொற்கள் சிறியன; அடிகள் குறுகியன; ஓசை துள்ளுவது; ஒவ்வோர் அடியிலும் கண்ணாற் காணத்தக்க ஒரு பொருள் நிற்கும். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒரு மூச்சிற் சொல்லக்கூடிய அளவு எது என்பதனை நூல்களைப் படித்து அறிதல் இயலாது. அச்சிறுவன் எதிரே பல்லாண்டுகள் நின்றவரே அறிவர். ஆங்கிலக் கவிஞர்தம் சிறு பாடல்கள் சிலவற்றையும் அவர்கள் தழுவிப் பாடினார்கள். மொழிபெயர்ப்பு என்னும் வாடையே அவற்றில் இல்லை. நம் ஊர்த் தோட்டத்து மண்ணும் மணமுமே அவற்றில் உள்ளன.

இப்பாடல்களை எளியவை என்று கூறிச் சிறிது தாழ்வாக மதிப்பாரும் உளர். யாப்பின் நுட்பம் அறிந்த புலவர்க்கு விருத்தம் பாடுதல் அரிதன்று. மடத்திற் பயின்ற பிள்ளையவர்க்கு அது கைவந்த கலை. கைவந்த அதனை விடுத்து, குழந்தையின் பொருட்டுத் தம் புலமையை மறைத்துக்கொண்டதே அரிய செயல் என்பது என் கருத்து. கற்றது முழுவதையும் காட்டிவிட வேண்டும் என்னும் ஆவலை அடக்கிக்கொள்ளப் புலவர் பலர்க்கு வாழ்நாள் போதுவதில்லை.

இல்வாழ்க்கையைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். 1901-ஆம் ஆண்டில் நாகர்கோவிலை அடுத்த புத்தேரியைச் சார்ந்த உமையம்மை என்னும் நங்கையாரை மணந்தார்கள். மனைவியாரைத் தாயி என்றே மதிப்போடு அழைத்து வந்தார்கள் என்பர். அவ்விருவர்க்கும் மக்கட்பேறு வாய்த்திலது. தமக்கையாரின் மகனாகிய சிவதாணு என்பாரைத் தம் மகன்போல் வளர்த்தார்கள். தமிழ்க் குழந்தைகள் அனைவர்க்கும் பாட்டுத் தந்தவர்க்குத் தம் வீட்டில் ஒரு குழந்தை பிறந்திலது என்பதனை எண்ணும்பொழுது மனம் உருகுகின்றது. இதற்குமேல் இதனைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அந்நாளில் மருமக்கள் வழி என்னும் தாயமுறை நிலவிற்று. ஒருவன் ஈட்டிய பொருள் அவன் மக்களுக்குச் செல்லாது, உடன்பிறந்தாள் மக்களுக்கே செல்லும். காரணவர் எனப்படும் குடும்பத் தலைவர் கையில் எல்லாம் இருக்கும். அவர் மறைந்த அன்றே அவர் மனைவியும் மக்களும் வீட்டைவிட்டு வெளியேற நேர்தலும் உண்டு. வழக்கு மன்றங்களுக்கு நடந்தே பல குடும்பங்கள் அழிந்தன. பிள்ளையவர்கள் அக்குலத்திற் பிறந்தவர்; இக்கேட்டினை நாள்தோறும் கண்டவர். 1917, 1918-ஆம் ஆண்டுகளில் தமிழன் என்னும் இதழில் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்னும் நூலைத் தொடர்ந்து வெளியிட்டார்கள். காரணவர் ஒருவர்தம் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைத் தானே கூறுவதாக அது அமைந்துள்ளது. படிப்பவர் நகைப்பர், நகைத்துக்கொண்டே வருவோர் இடையில் நின்று தலை குனிவர். நாஞ்சில் நாட்டுப் பேச்சும் பழமொழியும் உணவும் பூசலும் அந்நூலில் உயிரோடு உலவுகின்றன. பிள்ளையவர்கள் இயற்றியவற்றுள் ஒன்றனை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமாயின் யான் இதனையே வைத்துக்கொள்வேன். கல்வி அரசாங்கப் பணியிலிருந்த ஓர் ஆசிரியர், தம் உறவினர் பலர் நலம் பெற்று வந்த ஒரு முறையை எதிர்த்து எழுதுதல் எளிய செயலன்று. நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனத் திருவிதாங்கூர் அரசாங்கம் 1926-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியதனால் அம்முறை வீழ்ந்தது. அதற்குப் பலர் பல்லாண்டு உழைத்தனர்; அவ்வுழைப்பில் இந்நூலுக்கும் பங்குண்டு.

பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதினை அவர்கள் கழித்த வகை மாணாக்கராகிய நாம் அறியத்தக்கது. கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளை ஆராய்ந்து ஆங்கிலத்திற் கட்டுரைகள் எழுதினார்கள். கம்பராமாயணம், திவாகரம், நவநீதப் பாட்டியல் முதலியவற்றின் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதிக்கும் உதவினார்கள். 1926-ஆம் ஆண்டு முதல் அதன் பதிப்பாசிரியராக விளங்கிய வையாபுரிப் பிள்ளையவர்கள் இவர்களுடைய நண்பர்.

இவ்வாராய்ச்சிகளுட் புகழ்பெற்றது காந்தளூர்ச் சாலையைப் பற்றியது. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் அச்சாலை குறிக்கப்படுகின்றது. அத்தொடரின் பொருள் யாது, கப்பற்படையை அழித்ததா, வேறொன்றா என்று வரலாற்றாசிரியர் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். பிள்ளையவர்களும் அவ்வாராய்ச்சியிற் புகுந்து தனி நூலே எழுதினார்கள். ஓர் ஆசிரியர் இப்பொருளில் ஈடுபட்டது மிகப் பொருத்தமாக எனக்குத் தோன்றுகின்றது. அக்காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு, ஆய் வேந்தனாகிய கருநந்தடக்கன் கி.பி. 866-ஆம் ஆண்டில் நம் மாவட்டத்து முன்சிறையை அடுத்த பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்தான். அதற்குரிய செப்பேடு கிடைத்துள்ளது. 95 மாணாக்கர்க்கு அங்கே இடம் வகுக்கப்பட்டிருந்தது. அவ்விடம் பெறுவோர் இலக்கணம் அறிந்தவராகவும், சடங்குகளில் வல்லவராகவும், மூவேந்தர் நாட்டு ஆட்சி வழக்கினை உணர்ந்தவராகவும் இருத்தல் வேண்டும் என்று செப்பேடு விதிக்கின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் ஊரில் தகுதித் தேர்வு இருந்தது போலும்! அவ்விடங்கள் வேதம் ஓதுவார்க்கே உரியவாக இருந்தன. ஏனையோர்க்கு அங்கே வாயில் இல்லை.

வாயில் மறுக்கப்பட்டோரைப் பிள்ளையவர்கள் மறந்தாரல்லர். தீண்டாதார் விண்ணப்பம் என்னும் பாடல் அதற்குச் சான்று. திருவிதாங்கூரில் 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் கோயில் நுழைவு அறிக்கை வெளிவந்தது. அதற்கு முன்னர்ப் பொதுத்தெருவில் நடத்தற்கும், பள்ளியில் உடன் அமர்தற்கும் நம் முன்னோரிற் பலர் பட்ட பாட்டினை நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

1931-ஆம் ஆண்டிற் பிள்ளையவர்கள் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் புத்தேரியில் வந்து தங்கினார்கள். அவர்களுக்கு அப்பொழுது வயது 55. அதுகாறும் இதழ்களிற் சிதறிக் கிடந்த பாடல்கள் 1938-ஆம் ஆண்டில் மலரும் மாலையும் என்னும் நூலாகத் தொகுக்கப்பெற்றன. 1879-இல் எட்வின் ஆர்னால்டு என்னும் ஆங்கிலேயர் புத்தர் பெருமான் வரலாற்றைப் பாடிய காவியத்தைத் தழுவி இயற்றிய ஆசிய ஜோதி 1941-இல் வெளிவந்தது. மான்மியம் 1942-இல் நூலுருப் பெற்றது. பிட்சிரால்டு ஆங்கிலத்திற் பாடிய உமர் கய்யாம் பாடல்களின் தமிழ் வடிவம் 1945-இல் வந்தது. ஆக, புகழ்தந்த நூல்கள் பெரும்பாலும், சுண்ணக்கட்டியைக் கீழே வைத்த பின்னரே அச்சேறின. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரவர்கள் இவர்களுடைய கவிதைகளைத் தமிழ்நாடெங்கும் எடுத்துரைத்துப் பாராட்டினார்கள். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில், தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளையவர்கள் கவிமணி என்னும் பட்டத்தை வழங்கினார்கள். 1943-ஆம் ஆண்டில் அண்ணாமலை அரசர் பொன்னாடை போர்த்திச் சிறப்பித்தார்கள்.

இச்சிறப்புகளெல்லாம் வந்தபொழுது அவர்கள் அறுபதைக் கடந்திருந்தார்கள். அவர்களுடைய வரலாற்றை எழுதுவோர் இப்பத்தாண்டுச் சிறப்பினைப் பல பக்கங்களில் விரித்து, 36 ஆண்டு ஆசிரியப் பணியை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகின்றனர். கோட்டாற்றுப் பள்ளியில் அவர்களிடம் எழுத்தறிந்தோர் எத்துணையர், போதனாமுறைப் பாடசாலைகளில் அவர்களிடம் பயின்று ஊர்தோறும் சென்று கற்பித்தோர் எத்துணையர் என்பதற்குக் கணக்கு எழுதி வைத்தார் யார்? நாஞ்சில் நாட்டுப் பழைய குடும்பங்களில், தம் பாட்டனாரோ பாட்டியாரோ ஓர் ஆசிரியரிடம் இனிய தமிழ் கேட்டனர் என்று மட்டும் அறிந்து, அவ்வாசிரியர் பெயரை அறியாதாரும் இருத்தல் கூடும்.

கவிமணியவர்கள் 1954-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் தம் 78-ஆம் வயதில் இயற்கை எய்தினார்கள். தேரூரில் அவர்களுக்கு நினைவு நிலையம் எழுப்பப்பட்டது. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய அரசாங்கம் அவர்கள் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

அவர்கள் மறைந்தபொழுது தேரூரும் புத்தேரியும் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தேரூர்ப் பள்ளியில் மலையாள எழுத்தைக் கற்று, மடத்து வாயிலிற் சென்று தமிழ் கேட்ட அப்பெரியார், அந்நாளைக் காண இரண்டாண்டுகளும் சில நாட்களும் குறைவாயின.